ஒரு ஸ்வரம் காணவில்லை

அத்தியாயம் 4

"ஈயம், பித்தளைன்னு அலையற திருடனா இருந்தா பெரிசாப் பார்த்து எடுத்திருப்பான் மேடம். இவன் என்னடான்னா சந்தையில கத்தரிக்கா பொறுக்கற மாதிரி ஒண்ணொண்ணாப் பொறுக்கியிருக்கான்," என்றான் ஹாரன்.

அவன் நின்றுகொண்டிருந்தது இசை மண்டபத்து ஆர்கனின் வயிற்றுக்குள். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் பொன் வண்ணம் பூசிய முப்பது குழல்கள்தான். பின்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் முந்நூறு குழல்கள். சுண்டுவிரல் அளவில் தொடங்கி விளக்குக் கம்பம் உயரம் வரை வரிசை வரிசையாக நின்றன. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும்படி ஒரு பலகை, அதன் முனையில் ஒரு பழைய மரப்பெட்டி. மேல் தட்டுக்குப் போக ஒரு ஏணி.

ஸ்டெனோ மேடம் அந்த ஏணியின் பக்கம் திரும்பவே இல்லை. விசாரணைக் கோர்ட்டில் முப்பத்து மூன்று வருடம் சுருக்கெழுத்து எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு துப்பறிய ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகிறது. ஹாரன் இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவன். வண்டியில் ஹாரன் கெட்டுப்போனால்கூடக் கவலைப்படாமல் ஓட்டக்கூடிய தொண்டை. ஸ்டாண்டில் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

"எத்தனை குழல் காணோம்?"

"அஞ்சு. அஞ்சு வரிசையில, வரிசைக்கு ஒண்ணு."

"எதால செஞ்சது?"

"நாலு உலோகம், ஒண்ணு மரம்."

"ஈயத் திருடனுக்கு மரம் எதுக்கு?"

"வீட்டுக்காரி விறகு கேட்டிருப்பா."

மேடம் சிரிக்கவில்லை. கிளம்பும்போதே முகம் சரியில்லை என்பதை ஹாரன் கவனித்திருந்தான். மண்டபத்து மேனேஜர் போன் செய்தபோது "முடியாது" என்று சொல்லி வைத்தவர், ஐந்து நிமிடம் கழித்து அவரே திருப்பிக் கூப்பிட்டு "வர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

குழல் இருந்த துளை ஒவ்வொன்றிலும் சுருட்டிய பச்சைத் துணி திணிக்கப்பட்டிருந்தது. மேடம் கீழ்த் தட்டில் இருந்த ஒன்றை உருவிப் பார்த்தார். முரட்டுத் துணி. ஓரம் பிரியாமல் பசை தடவியிருந்தது. பக்கத்துக் குழல்களில் ஒரு நசுங்கல் இல்லை, ஒரு விரல்தடம் இல்லை. கட்டைவிரலால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற உலோகம் அது.

"துளையைத் திறந்து விட்டா காத்து 'புஸ்'ஸுன்னு வெளியே வரும். அது தெரிஞ்சு அடைச்சிருக்காங்க," என்றார் மேடம். "திருடன் இல்ல ஹாரன். இந்த மிஷின் மேல அக்கறை இருக்கற யாரோ."

வெளியே மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "சனிக்கிழமை கச்சேரி மேடம். ஒரு வருஷமா மூடிக் கிடந்த ஆர்கன். போன வாரந்தான் பூட்டைத் திறந்தோம். வாசிக்கப் போற டீச்சர் தினம் காலையில வந்து பழகறாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு குழல் போச்சு. அப்புறம் நாளுக்கு ஒண்ணு. இன்னிக்கு அந்தக் கட்டை சுத்தமா ஊமை."

"எந்தக் கட்டை?"

"நடுவுல இருக்கற அந்தக் கறுப்புக் கட்டை. அஞ்சு குழலும் அந்த ஒரே ஸ்வரத்துக்கு உள்ளது. அந்த ஸ்வரம் வராத பாட்டாப் பாருங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னேன். பல்லைக் கழட்டி வச்சிட்டுச் சிரிக்கச் சொல்றீங்களான்னு கேட்டுட்டாங்க."

"உள் கதவுக்குச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. டீச்சர்கிட்ட ஒண்ணு. குழலுக்குச் சுருதி சேர்க்கற ட்யூனர்கிட்ட ஒண்ணு இருந்தது. அவர்தான் போன வருஷம் உள்ள ஏணியிலேருந்து விழுந்து… போய்ச் சேர்ந்துட்டாரே."

"சாவியையும் எடுத்துக்கிட்டா போனாரு?" என்றான் ஹாரன்.

மேனேஜர் விழித்தார். அதை அவர் யோசித்ததே இல்லை.

டீச்சர் மேடையில், ஆர்கனின் முன்னால் இருந்த நீளப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மண்டபத்தில் ஆர்கன் வாசிப்பவள் அவள்தான். செத்துப்போன ட்யூனர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். மேடத்தைப் பார்த்ததும் எழுந்தாள், எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேன்."

"பார்த்திருப்பீங்க," என்றார் மேடம்.

ஹாரனின் கண் அதற்குள் இசைத் தாங்கிக்குப் போயிருந்தது. அங்கே தடிதடியாக நாலைந்து இசைப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைத் துணி அட்டை. உள்ளே துளையில் பார்த்த அதே பச்சை, அதே முரடு. அவன் மேடத்தின் காதோரம் குனிந்து, ரகசியம் என்று அவன் நினைத்துக்கொண்ட குரலில் சொன்னான். மண்டபத்தின் கடைசி நாற்காலிக்கே கேட்டது.

"பச்சைச் சட்டை கிடைச்சிடுச்சு மேடம். போட்டவங்களும் எதிர்லயே இருக்காங்க."

டீச்சரின் முகம் வெளுத்தது. மேடம் அவசரப்படவில்லை.

"டீச்சர், காத்து மோட்டாரைப் போடுங்க. ஊமைக் கட்டைக்குப் பக்கத்துக் கட்டையை அமுக்கிப் பிடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. ஹாரன், நீ உள்ள போ."

"உள்ள போய்?"

"அங்க ஒரு மரப்பெட்டி இருக்கு. மேல் தட்டுலேருந்து கீழ போடு. குழல் மேல படாம."

"இப்பதான் மேடம் என் திறமைக்கு ஏத்த வேலை குடுத்திருக்கீங்க."

மோட்டார் உறுமியது. டீச்சர் கட்டையை அழுத்தினாள். மண்டபம் முழுக்க ஒரே ஸ்வரம் நிரம்பி, தரை லேசாக அதிர்ந்தது. உள்ளே ஹாரன் பெட்டியைப் போட்டான். 'தடால்' என்ற சத்தம் ஸ்வரத்தையும் மீறிக் கேட்டது.

டீச்சரின் கை தீயைத் தொட்ட மாதிரி எகிறியது. ஸ்வரம் அறுந்தது.

"நான் விடச் சொல்லலையே?" என்றார் மேடம்.

"சத்தம் கேட்டதும்… கை தானா…"

"யாரோட கையும் தானாத்தான் எழும்பும். இப்படிச் சத்தம் கேட்ட பிறகும் இருபது நிமிஷம் கட்டையை அமுக்கிக்கிட்டே இருக்கற கை யாருக்கும் கிடையாது."



மேடம் கைப்பையிலிருந்து ஒரு பழைய சுருக்கெழுத்து நோட்டை எடுத்தார். "போன வருஷம் உங்க அண்ணன் சாவு விசாரணையில எழுதினவ நான்தான். உங்க வாக்குமூலம் மூணாவது வரி: 'விழுந்த சத்தம் கேட்டதும் கட்டையை விட்டுட்டு உள்ள ஓடினேன்.' அப்புறம் வாட்ச்மேன் வாக்குமூலம்: 'ஆர்கன் சத்தம் இருபது நிமிஷமா நிக்கவே இல்ல. சந்தேகப்பட்டு நான்தான் வந்து மோட்டாரை அணைச்சேன்.' ரெண்டும் ஒத்து வரல. அதிகாரி அரைத் தூக்கத்துல இருந்தாரு. எனக்கு எழுதும்போதே தெரிஞ்சது. கேக்கறது என் வேலை இல்லைன்னு பென்சிலைச் சீவிக்கிட்டு உக்காந்திருந்தேன். விபத்துன்னு எழுதி மூடிட்டாங்க."

உள்ளேயிருந்து தூசியைத் தட்டிக்கொண்டு வந்த ஹாரன் வாயைத் திறந்தான். மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். காலையிலிருந்து மேடம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறார் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

டீச்சர் கட்டைகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்தக் கறுப்புக் கட்டை அன்னிக்கு அடங்கவே இல்ல. ஒரு குழலைச் சரி பண்ணா இன்னொண்ணு பிசிறும். உள்ளேருந்து அண்ணன் 'அமுக்கு, விடாத, அமுக்கு'ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. காலையிலேருந்து மூணு மணி நேரம். என் கை மரத்துப் போச்சு. ஒரு அழிரப்பரை எடுத்து ரெண்டு கட்டைக்கு நடுவுல செருகினேன். கட்டை அப்படியே அமுங்கி நின்னுது. உள்ள இருக்கறவருக்கு என்ன தெரியப் போகுது? எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு டீ குடிச்சேன். தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி வந்தா. சிரிச்சுப் பேசிக்கிட்டே இன்னொரு டீ சொன்னேன். அங்க உக்காந்தே எனக்கு அந்த ஸ்வரம் கேட்டுக்கிட்டுதான் இருந்தது. அண்ணன் வேலை பார்க்கறாருன்னு நினைச்சேன்." அவள் ஒரு கட்டையை விரலால் தடவினாள். "திரும்பி வந்தப்ப வாட்ச்மேன் மோட்டாரை அணைச்சிருந்தாரு. நான் முதல்ல என்ன பண்ணினேன் தெரியுமா? அண்ணன்கிட்ட ஓடல. அந்த ரப்பரை எடுத்துப் பைக்குள்ள போட்டேன்."

விழுந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதும் அதே நோட்டில் இருந்தது. மேடம் அதைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"கூப்பிட்டிருப்பாரு," என்றாள் டீச்சர். "நான் வச்சிட்டுப் போன சத்தத்துல அவர் கூப்பிட்டது யாருக்கும் கேக்கல."

மேனேஜர் மெதுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஸ்வரத்தைக் கேக்க முடியாமத்தான் குழலை எடுத்தீங்க," என்றான் ஹாரன். முதல் முறையாக அவன் குரல் தாழ்ந்தே இருந்தது.

டீச்சர் நிமிர்ந்தாள். "நானா? நான் எடுக்கலைங்க."

"இந்தப் பச்சைத் துணி?"

"ஐயோ, நான் எடுக்கல! ஞாயித்துக்கிழமை அந்தக் கட்டையை அமுக்கினேன். சத்தம் குறைஞ்சிருந்தது. மறுநாள் இன்னும் குறைஞ்சுது. முந்நூறு குழல்ல யாரோ தேடித் தேடி அதையே எடுக்கறாங்க. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு தினம் ஒருத்தர் காதுல சொல்ற மாதிரி இருந்தது. நாலு நாளா நான் தூங்கல. நீங்க வந்தப்ப, அந்த ஆள் நீங்கதான்னு நினைச்சேன்!"

ஹாரன் மேடத்தைப் பார்த்தான். மேடம் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து முதுகைத் தடவினார். தையல் கச்சிதம். மூலைகள் கத்தி மாதிரி மடிந்திருந்தன.

"இதை யார் பைண்ட் பண்ணினது?"

"அண்ணி."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் என்னவென்று டீச்சருக்கே உறைத்தது.

"ட்யூனரோட சாமான்களைப் போலீஸ் யார்கிட்டத் திருப்பிக் குடுத்தாங்க?"

"அண்ணிகிட்டதான். பெட்டி, சுத்தியல், சாவிக்கொத்து… எல்லாம்."

பைண்டிங் கடை, மண்டபத்தின் பின்சந்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தும் இரும்பு மிஷின், பசை வாளி, வெட்டிய காகிதச் சிம்புகள், மூலையில் பச்சைத் துணிச் சுருள்கள். ட்யூனரின் மனைவி ஒரு புத்தகத்தை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"சனிக்கிழமைக்கு முன்னாடி வருவீங்கன்னு தெரியும்," என்றாள். எழுந்து போய் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். ஐந்து குழல்களும் இருந்தன. ஒவ்வொன்றும் பிறந்த பிள்ளையைச் சுற்றுவது போலத் துணியில் சுற்றப்பட்டிருந்தது. "ஒரு கீறல் விழல. அவர் எப்படித் தூக்குவாரோ அப்படியே தூக்கினேன். மதியம் வாட்ச்மேன் சாப்பிடப் போற நேரம் பார்த்து, துணிச் சுருளுக்குள்ள வச்சுக் கொண்டு வந்துட்டேன்."

"ஏன் அண்ணி?"

அவள் நாத்தனாருக்குப் பதில் சொல்லவில்லை. மேடத்தைப் பார்த்துப் பேசினாள். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"அன்னிக்கு நான் இங்கதான் உக்காந்திருந்தேன். இந்த ஜன்னல் திறந்திருந்தது. அந்தச் சத்தம் விடாம வந்துக்கிட்டே இருந்தது. நாளைக்குள்ள குடுக்க வேண்டிய வேலை, தையல் எண்ணிக்கை தப்பிக்கிட்டே இருந்தது. 'இந்த மனுஷனுக்கு வேற வேலையே கிடையாதா'ன்னு திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன் அம்மா. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அவர் அங்க…"

மிஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் ஆர்கன் மூடியிருந்தது. நானும் எப்படியோ ஓட்டிட்டேன். போன வாரம் இவ வாசிக்க ஆரம்பிச்சா. எல்லா ஸ்வரமும் எனக்கு ஒண்ணுதான். அது மட்டும் வந்தா உடம்பு பதறுது. ஒரு குழலை எடுத்தா குறையும்னு பார்த்தேன். குறைஞ்சுது, ஆனா கேட்டுது. இன்னொண்ணை எடுத்தேன். திருடணும்னு இல்ல. இவகிட்ட எப்படிச் சொல்றது? கூடப்பிறந்தவன் சாகறப்ப கட்டையில உக்காந்திருந்தவ. அவளே தாங்கிக்கிட்டு வாசிக்கறா, நான் என்ன பெரிசா…"

"அண்ணி," என்றாள் டீச்சர். "நான் கட்டையில இல்ல."

ஹாரன் கதவருகில் நின்றிருந்தான். பிறகு அவன் சொல்வான், 'டாக்ஸியில எத்தனையோ சண்டை பார்த்திருக்கேன், அந்தக் கடையில இருந்த அமைதிக்குத்தான் பயந்தேன்' என்று.

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். அழிரப்பர், டீக்கடை, சிரிப்பு, பொய் வாக்குமூலம். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அண்ணி குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டாவது டீ எதுக்கு?"



"நாளைக்குக் காலையில விசாரணைக் கோர்ட்டுக்குப் போறோம்," என்றார் மேடம். "இவங்க வாக்குமூலத்தை மாத்திக் குடுக்கணும். நானும் குடுக்கணும். பார்த்தும் பேசாம இருந்தவளுக்குச் சட்டத்துல என்ன பேர்னு எனக்குத் தெரியல. இருந்தா அதையும் எழுதிக்கட்டும்."

"உங்களை யாரும் கேக்கலையே மேடம்," என்றான் ஹாரன் மெதுவாக.

"அதைச் சொல்லித்தான் ஹாரன் ஒரு வருஷமா என்னை நானே ஏமாத்திக்கிட்டிருந்தேன்."

அண்ணி இழுப்பறையிலிருந்து குழல்களை எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டாள். மேடம் உதவப் போனார். தர மறுத்துவிட்டாள். யாரையும் எதிர்பார்க்காமல் பின்சந்தைத் தாண்டி, மண்டபத்துப் பின்கதவு வழியாக நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

மேனேஜர் ஓடி வந்து, "புது ட்யூனர் நாளைக்கு வருவாரும்மா, அவர் மாட்டிக்கட்டும்," என்றார்.

"இருபத்தாறு வருஷம் அவருக்குக் குழல் எடுத்துக் குடுத்தவ நான். எது எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "போய் உக்காரு."

டீச்சர் மேடைக்குப் போனாள். அண்ணி உள்ளே நுழைந்து ஏணியில் ஏறினாள். ஹாரன் ஓடிப்போய் ஏணியின் காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டான். பச்சைத் துணிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

"அமுக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டீச்சர் கறுப்புக் கட்டையை அழுத்தினாள். முதலில் மெல்லிய கீச்சு. பிறகு இரண்டாவது குழல் சேர்ந்தது. மூன்றாவது, நான்காவது. மரக்குழல் கடைசியாகச் சேர்ந்தபோது அந்த ஸ்வரம் பழைய கனத்தோடு எழுந்து கூரை வரை நின்றது. டீச்சரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்க மறு கை சும்மா இருந்தும் அவள் துடைக்கவில்லை.

"நான் வெளியே வர்ற வரைக்கும் கையை எடுக்காத!"

அண்ணி நிதானமாக இறங்கினாள். ஒவ்வொரு படியாக. பலகையில் ஒருக்களித்து நடந்து, கதவைத் தாண்டி, மேடையைச் சுற்றிக்கொண்டு வந்து நாத்தனாரின் எதிரில் நின்றாள். புடவையெல்லாம் தூசி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்வரம் இன்னும் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"போதும்," என்றாள் அண்ணி.

டீச்சர் கையை எடுத்தாள். மண்டபம் சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"என்னை மன்னிச்சுடுங்கன்னு கேக்கற தகுதி…"

"கேக்காத. இன்னிக்கு என்கிட்ட அது இல்ல." அண்ணி முந்தானையால் கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தாள். பிறகு ஸ்டெனோ மேடத்திடம் கேட்டாள். "கோர்ட்டு எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"நானும் வர்றேன்." கதவு வரை போனவள் திரும்பிப் பார்க்காமலே நாத்தனாரிடம் சொன்னாள். "யார் பக்கத்துல உக்காருவேன்னு மட்டும் இப்பக் கேக்காத."